ஈயடிச்சான் காப்பியும் ‘ஸ்கிரிப்ட் கிட்டி’யும்

“அண்ணே, இவன் ஹேக்கரா?” சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வீவக அடுக்குமாடி வீடொன்றில் தாயார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். பதினான்கு வயது மகன் தலை நிமிரவில்லை. துப்பாக்கி விளையாட்டில் குறியைத் தானாகப் பதிக்கும் ‘எய்ம்பாட்’ ஒன்றை, ஏதோ காணொளிக்குக் கீழே இருந்த இணைப்பிலிருந்து இறக்கியிருந்தான். “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்” என்றிருந்தது, அணைத்தான். அம்மா அதே கணினியில் சேமித்திருந்த கடவுச்சொற்களெல்லாம் அன்றிரவே களவுபோயின.

அவன் ஹேக்கர் இல்லை. இப்படிப்பட்டவர்களை எங்கள் கணினித் துறையில் ‘ஸ்கிரிப்ட் கிட்டி’ என்போம், சுருக்கமாக ‘ஸ்கிட்’. ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு வரிசையாக எழுதிவைத்த கட்டளைகள், கிட்டி என்றால் பொடியன். 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாதிரி ரயில் மன்றத்தில் ‘ஹேக்கர்’ பெருமைக்குரிய பெயர்: நுணுக்கம் தெரிந்து வேலை செய்பவர். 1990களில் தாக்குதல் கருவிகள் இணையத்தில் இறைந்து கிடந்தன. உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாமல் அவற்றை ஓட்டியவர்களைப் பழித்துப் பிறந்ததுதான் இந்தச் சொல். விளையாட்டில் ஏமாற்றுபவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர்களும் இரவல் நிரலில்தானே ஜெயிக்கிறார்கள்!

தமிழில் ‘ஈயடிச்சான் காப்பி’ என்கிறோமே, அதற்கு மிக நெருக்கம். மூலத்தாளில் செத்த ஈ ஒட்டியிருந்ததால், தன் தாளிலும் ஓர் ஈயை அடித்து ஒட்டினானாம் ஒருவன்.

ஆனால் ‘பொடியன்’ என்று அலட்சியப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவாவின் படம் என்று மின்னஞ்சலில் உலகமெங்கும் ஒரு வைரஸ் பரவியது. அனுப்பிய 20 வயது டச்சு இளைஞர் அதைச் சொந்தமாக எழுதவில்லை. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் உருவாக்கிய கருவியில் தயாரித்தார். தண்டனை 150 மணிநேரச் சமூகசேவை.

சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டு கணினி முறைகேட்டுச் சட்டமும் கருவியை எழுதியவர் யார் என்று பார்ப்பதில்லை. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தால், முதல்முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். இந்தப் பையன் அவ்வளவு தூரம் போகவில்லை. கூட்டாளியின் கணக்கைத் திறந்துபார்க்க ஒரு கருவி கிடைத்திருந்தால் போயிருப்பான்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், அந்தக் கணினியிலேயே கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், புதியதும் திருடுபோகும். முதலில் அதை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கைபேசியில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்று மாற்றுங்கள். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். உள்நுழைந்த நிலையையே திருடிச் சென்றவனைக் கடவுச்சொல் மாற்றம் மட்டும் எப்போதும் வெளியேற்றாது.