அப்லேஷன்: நீக்கமா, வடுவாக்கமா?

இதயத் துடிப்புக் கோளாறுக்குச் செய்யும் ‘அப்லேஷன்’ சிகிச்சையைத் தமிழில் எப்படி எழுதுவது? லத்தீனில் ‘அப்’ என்றால் விலகி, ‘லாட்டுஸ்’ என்றால் கொண்டுசெல்லப்பட்டது. இரண்டும் சேர்ந்து பிறந்த அப்லேஷனுக்கு ‘அப்பால் எடுத்துச் செல்லுதல்’ என்று பொருள். லத்தீன் இலக்கணத்தின் ‘அப்லேட்டிவ்’ வேற்றுமைக்கும் இதே வேர்தான். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள், அதாவது பள்ளியில் படித்த ‘மலையின் வீழ் அருவி’, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. பனியாறு உருகிக் குறைவதும் அப்லேஷன், விண்கலத்தின் வெப்பக் கவசம் கருகி உதிர்வதும் அப்லேஷன்.

ஆக, ‘நீக்கம்’ என்று தமிழில் எழுதினால் வேர்ப்பொருள்படி சரி. இதயச் சிகிச்சைக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அங்கே எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் தாறுமாறாக அதிரும். அதைத் துடிப்பு என்பதைவிட நடுக்கம் என்பதே பொருத்தம். இதைக் கிளப்பிவிடும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகளிலிருந்து வருகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் காட்டினார்கள். அதன்பின் அந்தச் சிரைகளின் வாயே சிகிச்சையின் முக்கியக் குறியானது. தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, சிரைவாயைச் சுற்றி வளையமாகத் திசுவைச் சுடுகிறார்கள், அல்லது உறையவைக்கிறார்கள். அண்மையில் மின்துடிப்பாலும் செய்கிறார்கள். செத்த திசு அங்கேயே தழும்பாகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பொறி சிரைக்குள்ளேயே அடங்கிவிடும்.

சிகிச்சையின்போது வரும் துடிப்புக் கோளாறுகளும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. சிரைவாய்களை ஒட்டி, துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்போடு தொடர்புள்ள நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் துடிப்பு சட்டென்று இறங்கும். சில நொடிகள் நின்றே போவதும் உண்டு. அதற்காகத்தான் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியும் தற்காலிக பேஸ்மேக்கரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அடுத்தது ஃபிளட்டர். வளையத்தில் எங்காவது இடைவெளி விட்டால், வரப்பில் உடைப்பு எடுத்ததுபோல மின்னோட்டம் அதன் வழியே புகுந்து, தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கும். தாறுமாறான நடுக்கம் போய், ஒழுங்கான ஆனால் வேகமான ஏட்ரியல் ஃபிளட்டர் வந்துவிடும். மேலறை நிமிடத்துக்கு 300 முறை துடித்து, இரண்டுக்கு ஒன்றுதான் கீழறைக்கு இறங்கினால் நாடி 150இல் நிற்கும். அப்போது அந்த இடைவெளியைத் தேடிப்பிடித்து மறுபடி சுட வேண்டும். இல்லையென்றால் மின்அதிர்ச்சி கொடுத்து நிறுத்த வேண்டும். அந்த அதிர்ச்சியைக் கீழறைத் துடிப்போடு நேரம் பொருத்தித்தான் கொடுப்பார்கள். தவறான கணத்தில் கொடுத்தால் கீழறையே நடுங்கத் தொடங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து.

‘நீக்கியாச்சு’ என்று கேட்ட நோயாளி, “அப்புறம் ஏன் டாக்டர் திரும்ப வருது?” என்று குழம்புவது நியாயம்தானே? ‘திசு அழிப்பு’ உண்மைக்குக் கொஞ்சம் நெருங்குகிறது. கட்டியைச் சுட்டு அழிக்கும் அப்லேஷனுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ‘இதயத் திசு அழிப்பு’ என்று பார்த்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். இதயத்துக்கு என் தேர்வு ‘வடுவாக்கம்’. முதல் தடவை எழுதும்போது ‘அப்லேஷன் எனும் வடுவாக்கச் சிகிச்சை’ என்று இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.