பெனிட்ரேஷன்: ஊடுருவலா, பரவலா, அடர்த்தியா?

எந்த நாட்டில் எவ்வளவு பேர் மொபைலில் இணையம் பார்க்கிறார்கள் என்று ஒப்பிடும் கட்டுரைகளில் 'பெனிட்ரேஷன் ரேட்' என்ற சொல் தவறாமல் வரும். தமிழில் அதை 'ஊடுருவல் விகிதம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். 'இந்த நாட்டின் மொபைல் இணைய ஊடுருவல் 120 சதவீதம்' என்று படிக்கும்போது இரண்டு இடத்தில் இடறுகிறது. ஊடுருவியது யார்? 100 பேரில் 120 பேர் எப்படி?

முதல் கேள்வி மொழியைப் பற்றியது, இரண்டாவது கணக்கைப் பற்றியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எதை எண்ணினார்கள் என்பதை அந்தச் சொல் வாய்விட்டுச் சொல்வதில்லை.

லத்தீனில் 'பெனெட்ராரே' என்றால் உள்ளே செல்வது. அதன் உறவுச் சொல் 'பெனுஸ்', வீட்டில் சேர்த்துவைக்கும் உணவுப் பண்டம். அந்தச் சேமிப்பறையைக் காக்கும் ரோமானிய வீட்டுத் தெய்வங்களுக்கு 'பெனாட்டேஸ்' என்று பெயர். ஆக, சொல்லின் அடியில் கிடப்பது வீட்டின் உள்ளறை. வணிகத்துக்கு வந்தபோது அதன் பார்வை மாறியது. நிறுவனங்கள் வளரும் வழிகளை நிர்வாகவியல் அறிஞர் இகோர் ஆன்சாஃப் 1957இல் நான்காகப் பிரித்தார். இருக்கிற பொருளை இருக்கிற சந்தையிலேயே இன்னும் கூடுதலாக விற்பதற்கு அவர் தந்த பெயர் 'மார்க்கெட் பெனிட்ரேஷன்'. விற்பவர் கண்ணுக்குத்தான் சந்தை நுழைய வேண்டிய இடமாகத் தெரியும். வாங்குகிறவருக்கு அப்படி ஒன்றும் தெரியாது.

தமிழில் 'ஊடு' என்றால் நடு, இடை. 'உருவு' என்பது துளைத்து அப்பால் போவது. அம்பு மார்பை ஊடுருவியது என்றால் முதுகு வழியாக வெளியே வந்துவிட்டது என்று பொருள். லத்தீன் சொல் உள்ளறையில் போய் நிற்கிறது. நம் சொல் நிற்பதே இல்லை. போதாக்குறைக்கு, இன்றைய செய்தித் தமிழில் ஊடுருவல் என்றாலே எல்லையைக் கள்ளத்தனமாகத் தாண்டுவதுதான் நினைவுக்கு வரும். ஒருவர் தன் காசைக் கொடுத்து விரும்பி வாங்கிய இணைப்புக்கு இப்படி ஒரு பெயரா?

'பரவல்' இதைவிட நல்ல சொல். பரப்பு, பரந்த, கடலைக் குறிக்கும் பரவை எல்லாம் இதற்குச் சொந்தம். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லில் நோய் வாடை ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் பழக்கமும் பரவும், புகழும் பரவும். அதனால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. எனக்கு உள்ள தயக்கம் வேறு. பரவியது எது என்பதை இந்தச் சொல்லும் தானாகச் சொல்லாது. கோபுரமா, சிம்மா, ஆளா?

இங்கேதான் அளக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், 1865இல் தந்திக்காகத் தொடங்கிய அமைப்பு, நாடுகளிடமிருந்து இந்தக் கணக்குகளைத் திரட்டுகிறது. அதன் பட்டியலில் பெனிட்ரேஷன் என்று பொத்தாம்பொதுவாக ஒரு தலைப்பு கிடையாது. '100 பேருக்கு எத்தனை மொபைல் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்புகள்' என்று ஒரு கணக்கு. 'இணையம் பயன்படுத்தும் தனிநபர்கள் எத்தனை சதவீதம்' என்று இன்னொன்று. முதலாவதை நிறுவனங்களின் பதிவேட்டிலிருந்து எடுப்பார்கள். இரண்டாவதை, கடந்த மூன்று மாதங்களில் இணையம் பயன்படுத்தினீர்களா என்று வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

பதிவேட்டுக் கணக்கில் இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு தரம் எண்ணப்படுவார். ஹாங்காங்கில் 100 பேருக்கு 200க்கும் மேல் மொபைல் இணைப்புகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்ப்பக்கமும் பிழை உண்டு. ஒரே போனை வீட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தால் பதிவேட்டில் அது ஓர் இணைப்புதான். கேட்டு எடுக்கும் கணக்கில்தான் அந்த நால்வரும் வருவார்கள். அதனால் ஒரு நாட்டின் இணைப்பு எண்ணையும் இன்னொரு நாட்டின் பயனர் எண்ணையும் அருகருகே வைத்து 'யார் முன்னே' என்று கேட்பது, ஒருவரின் உயரத்தை மற்றவரின் எடையோடு ஒப்பிடுவது மாதிரி.

இணைப்புக் கணக்குக்குத் துறையில் பழைய பெயர் ஒன்று உண்டு: 'டெலிடென்சிட்டி'. கம்பிவழித் தொலைபேசிக் காலத்தில் பிறந்த சொல். 1963இல் ஆகஸ்ட் யிப் என்பவர் நாடுகளின் வருமானத்தையும் தொலைபேசி அடர்த்தியையும் சேர்த்து வரைந்து, ஒன்று கூடினால் மற்றதும் கூடுவதைக் காட்டினார். 1984இல், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த மெயிட்லண்ட் ஆணையத்தின் அறிக்கை, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும்விட டோக்கியோ நகரில் அதிகத் தொலைபேசிகள் இருப்பதாகச் சொன்னது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இன்றும் இந்தச் சொல்லைத்தான் புழங்குகிறது. தமிழில் சிலர் 'தொலையடர்த்தி' என்கிறார்கள். தொலைவு அடர்த்தியாக இருப்பது எப்படி என்று புரியவில்லை. 'இணைப்பு அடர்த்தி' என்றால் முடிந்தது. அடர்த்திக்கு 100 என்ற கூரை கிடையாது. 'இணைப்பு அடர்த்தி 100 பேருக்கு 120' என்று எழுதினால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள்.

அப்புறம், எதனால் வகுக்கிறோம் என்பதும் உண்டு. நைஜரில் ஏறத்தாழப் பாதிப் பேர் 15 வயதுக்குக் கீழே. ஜப்பானில் எட்டில் ஒருவர்கூட அந்த வயதில் இல்லை. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் நைஜர் தோற்றத்தில் இன்னும் பின்தங்கும். கேட்டு எடுக்கும் கணக்கிலும் வயது எல்லை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் 16 முதல் 74 வயது வரை உள்ளவர்களிடம் கேட்கிறது. 'அகலப்பட்டை' என்ற சொல்லே எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. சர்வதேச ஒன்றியத்தின் கணக்கில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அகலப்பட்டைதான். இந்தியாவில் 2013 முதல் 512 கிலோபிட், 2023 முதல் 2 மெகாபிட்.

'அடாப்ஷன்' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் 'இணையத் தத்தெடுப்பு விகிதம்' என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். லத்தீன் 'ஆப்டாரே' என்றால் விரும்பித் தேர்ந்தெடுப்பது. நம் 'தத்து' வடமொழி 'தத்த'விலிருந்து வந்தது. அதன் பொருள் 'கொடுக்கப்பட்டது'. அங்கே எடுப்பவரின் விருப்பம், இங்கே கொடுப்பவரின் செயல். குழந்தை விஷயத்தில் இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் சந்திக்கின்றன. இணையத்தை யாரும் யாருக்கும் தத்துக் கொடுப்பதில்லை. தொழில்நுட்பத்துக்கு 'ஏற்பு' பொருந்தும். நாடுகளை ஒப்பிடும் இடத்தில் 'பயன்பாட்டுப் பரவல்' இன்னும் தெளிவு. பரவியது பயன்பாடு என்று சொல்லிலேயே வந்துவிடுகிறது, மேலே சொன்ன தயக்கமும் தீர்கிறது.

'கவரேஜ்' என்பதைப் பரவல் என்று எழுதினால் மறுபடி குழப்பம். அதற்குச் 'சேவைப் பரப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேறுபாடு சும்மா இல்லை. மொபைல் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ சொன்ன கணக்குப்படி, 2023 முடிவில் உலக மக்களில் 57 சதவீதம் பேர், அதாவது சுமார் 460 கோடிப் பேர், சொந்தக் கருவியில் மொபைல் இணையம் பயன்படுத்தினார்கள். சேவைப் பரப்புக்கு வெளியே இருந்தவர்கள் வெறும் 4 சதவீதம். மீதி 39 சதவீதம் பேரின் இருப்பிடத்தில் சிக்னல் இருக்கிறது, ஆனால் அவர்கள் பயன்படுத்தவில்லை. போன் விலை, படிக்கத் தெரியாதது, தன் மொழியில் ஒன்றும் கிடைக்காதது என்று காரணங்கள் பல. முன்னதை 'பரப்பு இடைவெளி' என்றும் பின்னதைப் 'பயன்பாட்டு இடைவெளி' என்றும் சொல்லலாம். இரண்டையும் 'பரவல் குறைவு' என்று ஒரே வார்த்தையில் எழுதினால், கோபுரம் கட்ட வேண்டிய ஊர் எது, போன் விலையைக் குறைக்க வேண்டிய ஊர் எது என்று படிப்பவருக்குத் தெரியாது.

'ரேட்' என்பதற்கு இலங்கைத் தமிழர்கள் 'வீதம்' என்றும் தமிழகத்தில் பெரும்பாலும் 'விகிதம்' என்றும் எழுதுகிறோம். எதுவானாலும் சரி. ஆனால் முதலில் சொன்ன அந்த 120 சதவீத வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: 'இந்த நாட்டில் 100 பேருக்கு 120 மொபைல் இணைய இணைப்புகள் உள்ளன.' பெனிட்ரேஷனும் இல்லை, ஊடுருவலும் இல்லை.