இடிந்தது பின்கட்டு, பதிவானது ‘பகுதிச் சேதம்’

செட்டிநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீடு இழந்தவர்களின் கடன் மனு வீட்டுவசதி அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, அதன் தலையெழுத்து பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். நிதி இல்லாமல் திரும்பும் மனுவை விட, தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் திரும்பும் மனுவே அதிகம். கிராம நிர்வாக அலுவலர் எழுதிய சேத அறிக்கையில் ஒரு பெயர், பட்டாவில் இன்னொரு பெயர், உண்மையில் அங்கே அடுப்பு மூட்டிக் குடியிருந்தவர் மூன்றாவது ஆள். இந்த முடிச்சை முதல் வாரத்திலேயே அவிழ்த்துவிட வேண்டும். பிறகு அவிழ்ப்பது மிகக் கடினம்.

முதலில் நிவாரணத் தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்றால் காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால்தான். குடிசைக்கு 8,000. மாநில அரசு தனியாக அறிவிக்கும் தொகை இதில் சேராது. 1,20,000 எங்கே, 6,500 எங்கே! இரண்டுக்கும் இடையில் நிற்பது அறிக்கையில் எழுதப்படும் ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல் நம் ஊரில்தான் அதிகம் தவறிப்போகிறது. முகப்பு, வளவு என்னும் நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இவை. பங்காளிகள் பலர் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முன்பக்கம் பூட்டிக் கிடக்கும். பின்கட்டில் ஒரு பங்குதாரரின் குடும்பமோ, வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் குடும்பமோ இருக்கும். நாலு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரியும் வீட்டில் முதலில் பழுதாவது கூடல்வாய், அதாவது இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலை. இலைச்சருகு அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து, உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தை ஊற வைக்கிறது. மேலே உத்தரம் இறங்க, கீழே சுண்ணாம்புக் காரைச் சுவர் பிதுங்கி விழுகிறது. பின்கட்டில் இருந்த குடும்பத்துக்கு அன்றிரவு படுக்க இடமில்லை. ஆனால் முழு வீட்டையும் கணக்கில் எடுத்தால் சேதம் சிறு பகுதிதான், சில சமயம் 15 சதவீதம்கூட வராது. ‘பகுதிச் சேதம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அந்தப் பகுதி தனிக் குடியிருப்பு என்பதற்கான சான்றுகளை ஆய்வுக்கு வருபவரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். தனிக் கதவு எண், தனி வீட்டு வரி ரசீது, தனி மின் இணைப்பு எண், அந்த முகவரியில் உள்ள குடும்ப அட்டை. இவற்றில் இரண்டு இருந்தாலும் பேச இடம் கிடைக்கும். இடிந்த கட்டடம் அனுமதி பெற்றது என்று உரிய அலுவலர் சான்றளிக்க வேண்டும் என விதியே சொல்கிறது. ஆகையால் வீட்டு வரி ரசீதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மழைக்காலம் வரும் முன்பே வரி பாக்கியைக் கட்டி வைப்பது நல்லது.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன் புகைப்படம் எடுங்கள். கதவு எண் தெரிய ஒன்று, மின் மீட்டரோடு ஒன்று, விழுந்த சுவரின் நீளம் தெரியும்படி டேப்பை விரித்து ஒன்று, கூரை போன இடத்தில் வானம் தெரிய ஒன்று. தேதியும் இடமும் படத்திலேயே பதிவாகும்படி கைப்பேசியில் அமைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்தபின் விழும் சுவர்களும் உண்டு. கணக்கெடுப்பு முடிந்த பிறகு விழுந்தால், ‘ஏற்கெனவே பார்த்தாயிற்று’ என்று விட்டுவிடாமல் வட்டாட்சியருக்கு மறு ஆய்வு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். வட்டாட்சியர் மட்டத்தில் தீராவிட்டால் கோட்டாட்சியர். அதற்கும் மேலே திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவர் விழுந்த சில நாளிலேயே தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச ஆள் வந்துவிடும். அவசரத்துக்குப் பணம் வேண்டும், புரிகிறது. ஆனால் கூட்டுச் சொத்தில் ஒருவர் விற்ற ஒரு தூண், மற்றப் பங்காளிகளின் கையெழுத்தையே கிடைக்காமல் செய்துவிடும். அதோடு நல்ல உத்தரமும் ஓடும் மீண்டும் பயன்படுபவை. பொறியாளரின் மதிப்பீட்டில் அவற்றைக் காட்டினால் வாங்க வேண்டிய கடன் அந்த அளவுக்குக் குறையும்.

கடன் என்று வரும்போது பங்காளிக் கையெழுத்துதான் இங்கே பெரிய மலை. அடமானக் கடனுக்குப் பட்டாவிலும் பத்திரத்திலும் உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் தர வேண்டும். இறந்தவர் பெயர் பட்டாவில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தபாலில் வந்ததை அலமாரியில் வைத்துவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். வாய்மொழியாகப் பங்கு பிரித்தது ஊருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. பதிவான பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இல்லாமல் உங்கள் பங்கை மட்டும் அடமானம் வைக்க முடியாது.

மழையில் பத்திரம் நனைந்து போயிருந்தால் பதற வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் இணையத்தில் எடுக்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு மட்டும் நேரில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் குடிசை போட்டிருப்பவர்களின் நிலை வேறு. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது, அடமானக் கடனும் கிடைக்காது. அங்கேயே கட்டக் கடன் கேட்டு அலைவதை விட, மாற்று இடத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டு முதலில் மனுக் கொடுப்பதே பலன் தரும். மனை கிடைத்த பிறகு ஊராட்சிகளில் கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டத்துக்கு வழி திறக்கும். 2024இல் தொடங்கிய அத்திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 1,000 ரூபாய்க்கும் குறைவு. கையில் இருக்கும் அளவுக்குள் கட்டத் திட்டமிடாமல் அஸ்திவாரத்தைப் பெரிதாகப் போட்டு, லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து நிற்கும் வீடுகள் பல. உதவித்தொகை கட்டக் கட்டத்தான் வரும். ஒரு கட்டம் நின்றால் அடுத்த தவணையும் நிற்கும்.

காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரப் பகுதியில் இருப்பவர்கள் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் வட்டி மானியம் பற்றிக் கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 25 லட்சம் வரையிலான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், 5 ஆண்டுத் தவணையாக வரும். குடும்பத்துக்கு நாட்டில் வேறெங்கும் காரை வீடு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கூட்டுப் பட்டாவில் பெயர் உள்ளவரிடம் இந்தக் கேள்வி வரும். உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் உங்கள் பங்கின் நிலையை எழுத்தில் விளக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்ட கடன்களை மாற்றியமைக்க வங்கிகளுக்கு இடம் தந்தது. பேரிடர் நாளன்றே தவணை பாக்கி வைத்திருந்த கணக்குகளுக்கு அதில் சலுகை இருக்கவில்லை. ஆகவே மாதத் தவணையை ஐப்பசிக்கு முன் சரியாக வைத்திருங்கள். சலுகை என்றால் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு; தவணையைத் தள்ளிவைப்பதுதான், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு 5 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 5,071 ரூபாய். கடன் வாங்கிய புதிதில் 6 மாதம் கட்டாமல் விட்டால் சுமார் 22,900 ரூபாய் வட்டி அசலில் ஏறும். தவணைத் தொகையை மாற்றாவிட்டால் கடைசியில் ஏறக்குறைய 19 தவணை கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். வேறு வழியில்லாதவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். பாதித் தவணையாவது கட்ட முடிந்தவர் கட்டிவிடுவதே நல்லது.

நிவாரணப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட கணக்கு இணைந்திருந்தால் பணத்தை எடுக்க அலைய வேண்டியதாகும்.

கடனில் இருக்கும் வீட்டுக்கு வங்கியே காப்பீடு எடுத்திருக்கக்கூடும். பாலிசி வங்கியின் கோப்பில் இருக்கும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. கணக்கு அறிக்கையில் ஆண்டுக்கு ஒரு முறை பிரீமியம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகல் கேட்டு வாங்குங்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும். சுவர் விழுந்த உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும் வரை இடிபாட்டை அப்படியே விட்டு வையுங்கள்.