90 மீட்டர் ஆழத்தில் வெளுத்த பவளம்

2019 நவம்பரில், இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ரோபோவைக் கடலுக்குள் இறக்கினார்கள். அதன் கேமராவில் தெரிந்தது தலைகீழ்க் காட்சி. வெயில் படும் மேல்மட்டப் பவளங்கள் நிறம் மாறாமல் நன்றாக இருந்தன. 90 மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் மங்கிய குளிர்ந்த நீரில் இருக்கவேண்டியவை வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தன.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டுக்குடித்தனம் கெட்டுப்போகிறது. பாசிகள் வெளியேற, கண்ணாடி போன்ற சதையின் வழியே சுண்ணாம்பு எலும்புக்கூடு தெரிகிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பவும் பெருகும்.

30 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரை வளரும் பவளத்திட்டுகளை மீசோஃபோடிக், அதாவது இடைவெளிச்சத் திட்டுகள் என்கிறார்கள். அங்கே சிவப்பு ஒளி போய்ச் சேராது. எஞ்சுவது நீலம்தான், அதுவும் கொஞ்சம். அதனால் அங்குள்ள பவளங்கள் கிளை விட்டு உயராமல், கிடைக்கும் ஒளியை ஏந்திக்கொள்ளத் தட்டையாக, தாம்பாளம் போலப் படர்கின்றன. பிரெஞ்சுப் பாலினீசியாவில் லெப்டோசெரிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பவளத்தை 172 மீட்டரில்கூடக் கண்டிருக்கிறார்கள். சில ஆழப் பவளங்கள் நீல ஒளியை வாங்கி ஆரஞ்சாகவும் பச்சையாகவும் ஒளிரும். பாசிக்கு உதவத்தான் இந்த நிறமாற்றம் என்பது ஒரு கட்சி, இரையாகும் சிறு உயிர்களை மினுக்கி இழுக்கத்தான் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது ஆதாரம் ஆகாதே!

மேலே சூடு ஏறினாலும் ஆழத்தில் இருப்பவை தப்பிக்கும், பிறகு அவற்றின் குஞ்சுகள் மேலே வந்து பாழான திட்டுகளை நிரப்பும் என்று வெகுகாலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. அதில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தது. ஆழத்தில் வாழும் பல இனங்கள் மேலே வாழ்பவை அல்ல. ஒரே இனம் இரண்டு இடத்திலும் இருந்தாலும், சிலவற்றில் இரு மட்டங்களுக்கும் இடையே கலப்பு அதிகம் நடப்பதில்லை. சாகோஸ் காட்சி, ஆழம் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்திலேயே கைவைத்தது.

ஆழத்தில் எப்படிச் சூடு வந்தது? வெப்பமண்டலக் கடலில் மேலே வெதுவெதுப்பான நீர் ஓர் அடுக்காக மிதக்கிறது, அடியில் குளிர்ந்த நீர் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பம் சட்டென்று குறையும் பகுதிக்குத் தெர்மோகிளைன் என்று பெயர். ஆழப் பவளங்கள் இதற்குக் கீழே இருக்கும்வரை கவலை இல்லை. 2019-இல் இந்தியப் பெருங்கடல் இருமுனை என்ற நிகழ்வு கடுமையாக இருந்தது. கிழக்குக் காற்று வெதுவெதுப்பான நீரை மேற்கே தள்ளித் தள்ளிக் குவித்தது. குவிந்த நீரின் அழுத்தத்தில் தெர்மோகிளைன் கீழே இறங்கிவிட்டது. 90 மீட்டரில் சுமார் 22 டிகிரி செல்சியஸாக இருந்த நீர் 29 டிகிரியைத் தொட்டது. மேலே வாழும் பவளத்துக்கு 29 டிகிரி சர்வசாதாரணம். குளிரில் பழகியதற்கு அது காய்ச்சல்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பவளம் வெளுக்கப்போகிறது என்று எச்சரிக்கும் செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்பைத்தான் அளக்கின்றன. 90 மீட்டரில் நடப்பது அவற்றின் கண்ணில் படாது. நல்ல வேளையாக, 2020-லும் 2022-லும் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்தத் திட்டுகளில் பெரும்பகுதி தேறியிருந்தது.

சரி, சூட்டுக்கே பழகிய பவளங்கள் இல்லையா? இருக்கின்றன. பாரசீக வளைகுடாவின் பவளங்கள் கோடையில் 34, 35 டிகிரியில் வாழ்கின்றன. வேறு இடத்துப் பவளம் அங்கே தாங்காது. அவற்றுக்குள் வாழும், வெப்பம் தாங்கும் பாசிக்கு 2015-இல் தனிப் பெயரே வைத்தார்கள். ஆனால் எப்போதும் எல்லையோரம் வாழ்பவனுக்குக் கால் வழுக்க ஓரடி போதும். 2017 கோடையில் அங்கே வழக்கமான காற்று பலமிழந்தது. காற்று வீசினால் கடல்நீர் ஆவியாகி, மண்பானை நீர் குளிர்வதுபோல் மேற்பரப்பு குளிரும். அந்தக் குளிர்ச்சி நின்றுபோக, வளைகுடாவின் தென்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு பவளங்கள் அழிந்தன.

சாகோஸில் காற்று தள்ளியது, வளைகுடாவில் காற்று தளர்ந்தது. மன்னார் வளைகுடாவிலும் இதே கணக்குதான். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளங்கள் ஆழமில்லாத, கலங்கலான நீரில் வாழ்பவை. கலங்கல் பவளத்துக்குக் கெடுதல் என்பார்கள், அது உண்மைதான். ஆனாலும் கோடையில் அந்தக் கலங்கலே குடைபிடித்து வெயிலைக் கொஞ்சம் மறைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடல் அசைவில்லாமல் கிடக்கும்போது நீர் 30 டிகிரியைத் தாண்டும், பவளம் வெளிறத் தொடங்கும். ராமேசுவரம் பக்கம் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று எழுந்து கடலைக் கலக்கிய பிறகுதான் நீர் குளிரும், பாசி திரும்பும். அந்தக் காற்று ஒரு வருடம் சில வாரம் பிந்தினால், பவளத்தின் பட்டினியும் அத்தனை வாரம் நீளும்.