பழைய வீடு, பழைய வயரிங்: இ.பி. ஆபீசில் கேட்க வேண்டியதும் வீட்டில் மாற்ற வேண்டியதும்

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரர் பொறுப்பு. விதி இவ்வளவுதான். ஆனாலும், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் தோல் உரிந்து தகரக் கூரையில் உரசுகிறது என்று சொல்லப் போகிறவருக்கு, "வயர் வாங்கி வைங்க, ஆள் வரும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. வாங்கி வைக்காதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைத்து, இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதியுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு அலுவலகத்தில் வாயால் சொன்னதற்கு, நாளை ஏதாவது நேர்ந்தால் எந்தச் சாட்சியும் இருக்காது.

சர்வீஸ் வயரைத் தாங்கி வரும் ஜி.ஐ. கம்பி கட்டிய அதே இரும்புக் குழாயில்தான் பல வீடுகளில் துணிக்கொடியும் கட்டியிருக்கிறது. வயரின் உறை தேய்ந்து தாங்குகம்பியில் பட்டால், குழாய் வழியாகக் கொடிக்கும் மின்சாரம் வந்துவிடும். ஈரத் துணியோடு கை வைப்பவர் தப்புவது கடினம். இது மெயின் சுவிட்சுக்கு முந்திய மின்சாரம்; மெயினை அணைத்தாலும் நிற்காது, வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் இதைத் தடுக்காது. அதனால் அந்தக் கொடியை நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள். லைன்மேன் கம்பத்தில் இணைப்பைத் துண்டித்த பிறகே கழற்ற வேண்டும். புதுக் கொடி நைலான் கயிறாக இருக்கட்டும். அதை அந்தக் குழாயில் கட்டாமல் மரத்தில் கட்டுங்கள்.

அடுத்தது குடிசைக்குக் கட்டணமில்லாமல் கொடுக்கும் இணைப்பு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டியவர்களில் பலர், பழைய குடிசையின் மீட்டரிலிருந்தே புது வீட்டுக்கு வயர் இழுத்துவிடுகிறார்கள். கான்கிரீட் கூரை போட்ட வீடு குடிசை வீதப்பட்டியில் (டாரிஃப், அதாவது கட்டண வகை) வராது. சோதனைக்கு வருகிறவர்கள் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ஐக் காட்டி, அனுமதியில்லாத பயன்பாடு என்று இரட்டைக் கட்டணம் போடலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். முதலில் தருவது தற்காலிக மதிப்பீடுதான். ஏழு நாளில் கட்டுவது ஒப்புக்கொள்கிறவர்களுக்கு மட்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவும், உங்கள் தரப்பைச் சொல்லவும் அதே 126-ஆம் பிரிவு உரிமை தருகிறது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பயத்தில் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

வீடு கட்டி முடிந்ததும் வீதப்பட்டி மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பில் வந்துவிடுமே என்ற அச்சத்தில்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. மட்டும் ஓடும் வீடு அதைத் தாண்டுவது அரிது. ஃபிரிட்ஜ் வந்தால் தாண்டும். "பழையதை ஒப்படைச்சிட்டுப் புதுசுக்குப் போடுங்க" என்று இ.பி. ஆபீசில் சொன்னால், வீதப்பட்டி மாற்றம் ஏன் முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை பெயர். இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். லோடு கூட்டவோ வேறு மாற்றத்துக்கோ போகும்போதுதான் இது தெரியவரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உங்கள் பெயரில் வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வெளியூரில் இருக்கும் தம்பி, தங்கையிடம் பொங்கலுக்கு வரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் வந்த திருத்தப்படி, கிராமப்புறத்தில் புது இணைப்பையோ இணைப்பில் மாற்றத்தையோ 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் நாள் எண்ணுவது முழுமையான விண்ணப்பம் பதிவான பிறகுதான். அதனால்தான் பதிவே செய்யாமல் "அதைக் கொண்டா, இதைக் கொண்டா" என்று நடக்க வைக்கிறார்கள். காகிதமாகக் கொடுத்தாலும் அதை இணையத்தில் ஏற்றிப் பதிவு எண் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. எண் கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். முடிந்தால் நீங்களே இணையத்தில் போட்டுவிடுங்கள். பணத்தை ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இனி வீட்டுக்குள். மொத்த வயரிங்கையும் மாற்றக் காசு இல்லையென்றால் முதலில் இரண்டு வேலை: எர்த் போடுவது, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டுவது. எர்த் குழாய் 2.5 மீட்டர் நீளம் வேண்டும், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும். மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஹீட்டர் பிளக்குகளுக்காவது எர்த் வயர் போய்ச் சேர வேண்டும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியராக இருக்கட்டும். கடையில் 100 மில்லி ஆம்பியரும் கொடுப்பார்கள். அது தீயைத் தடுக்க உதவும், உயிரைக் காக்காது. எர்த் இல்லாத பழைய இரண்டு வயர் வீட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும்: ஷாக் அடிக்கும், ஆனால் கண நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும். ஓவர்லோடையும் ஷார்ட்டையும் அது பார்க்காது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். லைட் வரும் 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 16 ஆம்பியர் பிளக்குக்குப் போகும் 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 20 ஆம்பியர். அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்.சி.பி. மாட்டினால் முதலில் வயர்தான் எரியும். பீங்கான் ஃபியூஸ் கட்டையில் தடிமனான காப்பர் இழை சுற்றுவதும் அதே தப்புதான்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் நிற்காமல் விழும். "இந்த வீட்டுக்கு இது செட்டாகாது" என்று எலக்ட்ரீசியன் அதை விட்டு நேராக இணைத்துவிட்டுப் போவார். விடாதீர்கள். அது விழுவதற்குக் காரணம் எங்கோ கசிவு இருப்பது, அல்லது நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருப்பது, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருப்பது. எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. அவை ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வயரிங் முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் மெக்கரைக் கண்ணில் காட்டாமல் சோதனை அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை நம்பி இருக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' (டெஸ்ட்) பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்பு. ஏ.சி., ஹீட்டர், மோட்டார் மூன்றும் சேரும் வீடு இதை முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் பதிவாகி 15 நாள் கடந்தும் அசைவில்லையென்றால், பதிவு எண்ணோடு செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிறகு உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுக்கும் வக்கீல் வைக்க வேண்டியதில்லை. புகார் எண், விண்ணப்ப எண், ரசீது, தபால் ஒப்புகை அட்டை ஆகியவற்றின் நகல்கள் இருந்தால் நீங்களே வாதாடலாம்.