வலிக்கும் முன்பே உட்காருங்கள்

நாள்பட்ட வலி இருப்பவருக்கு ஆபத்தான நாள் எது என்று கேட்டால், வலி உச்சத்தில் இருக்கும் நாளைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வலி அதிகமாக இருக்கும் நாளில் ஆள் எப்படியும் படுத்துத்தான் கிடப்பார், புதிதாக வம்பு எதுவும் வராது. வம்பு வருவதெல்லாம் காலையில் எழும்போதே உடம்பு லேசாக இருக்கிற நாளில். அப்பாடா, இன்றைக்குப் பரவாயில்லை என்று தோன்றியதுமே ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கத் தொடங்குவார், அந்தச் சூட்டோடு மேல்தட்டைத் துடைப்பார், தரையைக் கூட்டுவார், நடுவில் இடுப்பு லேசாக முணுமுணுக்கும், இதை மட்டும் முடித்துவிடலாம் என்று தொடர்வார். இரவு வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் புரண்டு படுக்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கும். அப்புறம் இரண்டு மூன்று நாள் படுக்கை. வேலை மறுபடியும் குவியும், மறுபடியும் ஒரு நல்ல நாள் வரும், மறுபடியும் அதே கதை.

இந்தச் சுழல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே போகும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். போன மாதம் ஒரு மணி நேரம் தாங்கிய உடம்பு இந்த மாதம் நாற்பது நிமிடத்திலேயே மடங்கும்.

வலிக்கும் வரை செய், வலித்தால் நிறுத்து என்பதுதான் நமக்கெல்லாம் இயல்பாகத் தெரிந்த விதி. நேற்று சுளுக்கிய கணுக்காலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற வலியில் (மருத்துவத்தில் நாள்பட்டது என்று சொல்வது இதைத்தான்) அந்த விதி ஓட்டையாகிவிடுகிறது. முதல் காரணம், வலி தாமதமாக வருகிறது. பழக்கமில்லாத வேலை செய்த தசையில் வலி உச்சத்துக்கு வரவே ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகலாம், இது முழு ஆரோக்கியமான ஆட்களுக்கும் நடப்பதுதான். அதனால் வேலை செய்துகொண்டிருக்கும்போது உடம்பு 'நிறுத்து' என்று சொல்லவில்லை என்றால், அளவு இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தமாகாது. சனிக்கிழமை செய்த அலமாரி வேலைக்கான கணக்கு திங்கட்கிழமைதான் கைக்கு வரும். அதற்குள் வேறு நாலு வேலை செய்திருப்பார், பழியும் அவற்றில் ஏதோ ஒன்றின்மேல் விழுந்துவிடும்.

இரண்டாவது காரணம் நரம்பு மண்டலத்துக்குள் இருக்கிறது. 1983-ல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் ஒரு விஷயத்தைக் காட்டினார். காயம்பட்ட பிறகு தண்டுவடம் வழக்கத்தைவிட அதிகமாகத் துடிக்கத் தொடங்கியது, அதன்பின் காயம்பட்ட இடத்தையே மருந்தால் மரத்துப்போகச் செய்தும் அந்த மிகைத்துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது புண்ணிலிருந்து வரும் செய்தி நின்ற பிறகும் செய்தி வாங்கும் இடம் தானே உஷாராக இருக்கிறது. இந்த நிலையில் சாதாரணத் தொடுதல், குனிதல், கொஞ்சம் குளிர் எல்லாமே வலியாகப் பதிவாகலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதேதான். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, படுபவருக்கு அது முழு நிஜம். ஆனால் வலியின் அளவை வைத்து உள்ளே எவ்வளவு சேதம் என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறிச் செய்து, வலி எகிறிய பிறகே நிறுத்தும்போது, ஏற்கெனவே உஷாராக இருக்கும் அந்த அமைப்புக்கு இன்னொரு முறை தீனி போடுகிறோம்.

சரி, அப்படியானால் பேசாமல் ஓய்வெடுத்துவிடலாமே?

பல பத்தாண்டுகள் முதுகுவலிக்கு மருத்துவர்களே கொடுத்த ஆலோசனை அதுதான், படுக்கை ஓய்வு. 1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் அவரது குழுவினரும் முதுகுவலியோடு வந்த 203 பேரில் ஒரு பகுதியினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வலி குறைந்ததில் வித்தியாசமே இல்லை. 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள்தான் 45 சதவீதம் குறைவு. 1995-ல் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுக்கச் சொன்னவர்கள், முதுகுக்கென்று பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள் என மூன்று குழுக்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு. இவை இரண்டும் புதிதாக வந்த முதுகுவலியைப் பற்றியவை, நாள்பட்ட வலிக்கு நேரடியாகப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு நான் பார்த்ததிலேயே மிரட்டலான சான்று 1966-ல் டல்லாஸில் நடந்த சோதனை. இருபது வயதுள்ள, நல்ல ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்கள் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே 5 பேரையும் மறுபடியும் கூப்பிட்டுச் சோதித்தபோது, 30 ஆண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த 3 வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது. வலியில்லாத இளைஞர்களுக்கே இப்படியென்றால், மாதக்கணக்கில் பாதி நாள் படுத்திருப்பவரின் தசை என்ன ஆகும்? பலம் குறைந்த தசைக்கு முன்பு சாதாரணமாக இருந்த வேலையே அளவுக்கு மீறியதாகிவிடும். மூட்டுக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாயும் கிடையாது, அதற்கான ஊட்டம் சுற்றியுள்ள திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும், அதற்கு மூட்டு அசைந்தாக வேண்டும்.

ஆக, அளவு மீறினாலும் இடி, அசையாமல் இருந்தாலும் இடி. நடுவில் ஒரு வழி இருப்பதை 1960-களிலும் 70-களிலும் காட்டியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். அவர் பார்த்தது தசையை அல்ல, பழக்கத்தை. வலித்த பிறகே ஓய்வு கிடைக்கிறது, மாத்திரை கிடைக்கிறது, வீட்டாரின் கவனிப்பும் அப்போதுதான் கிடைக்கிறது என்றால், வலிக்கும் ஓய்வுக்கும் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது, நமக்குத் தெரியாமலேயே. அந்த முடிச்சை அவிழ்க்க அவர் செய்தது எளிய காரியம். ஓய்வை வலியிடமிருந்து பிடுங்கி, முன்கூட்டியே முடிவுசெய்த ஓர் அளவிடம் கொடுத்தார். இத்தனை நிமிடம் என்று வைத்தால் அத்தனை நிமிடம்தான், வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? நடையை எடுத்துக்கொள்வோம். நல்ல நாள் ஒன்று, மோசமான நாள் ஒன்று, நடுத்தரமான நாள் ஒன்று பார்த்து, வலி கூடத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 14 நிமிடம், 9 நிமிடம், 13 நிமிடம் என்று வருகிறது என்று வையுங்கள். சராசரி 12. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 10 நிமிடம். இதுதான் உங்கள் தொடக்கம். மோசமான நாளில் 9 நிமிடம்தானே தாங்கியது என்று தோன்றினால் 8-லேயே தொடங்குங்கள், கீழே தொடங்கியதால் யாரும் கெட்டுப்போனதில்லை. உட்காருவதற்கு ஓர் அளவு, நிற்பதற்கு ஓர் அளவு, கணினியில் தட்டுவதற்கு ஓர் அளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றுக்குரியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. போனில் டைமர் வையுங்கள், மனக்கணக்கை நம்ப வேண்டாம். வேலையில் மூழ்கிய மனசுக்கு 10 நிமிடமும் 30 நிமிடமும் ஒன்றுதான்.

ஒன்றிரண்டு வாரம் இதே அளவில் நிலையாக ஓடிய பிறகு பத்தில் ஒரு பங்கு வாக்கில் கூட்டலாம், 10 நிமிடம் 11 ஆகும், அவ்வளவுதான். கேட்கவே சிரிப்பாக இருக்கும். ஆனால் கூட்டுவது யாருக்கும் கஷ்டமாக இருப்பதில்லை, நன்றாக இருக்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம். பாதி அலமாரி அடுக்கிய நிலையில் டைமர் அடிக்கிறது, இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் உட்கார வேண்டும். பார்ப்பவர்கள் 'நல்லாத்தானே இருக்கீங்க' என்பார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வைப்பது இதற்காகத்தான்.

ஓய்வும் எப்போதும் படுக்கையாக இருக்க வேண்டியதில்லை. நின்று செய்த வேலைக்கு உட்காருவது ஓய்வு, உட்கார்ந்து செய்த வேலைக்கு எழுந்து நாலு எட்டு நடப்பது ஓய்வு. கழுத்துவலிக்காரர் ஓய்வு என்று சொல்லிக் கழுத்தை வளைத்து அரை மணி நேரம் போன் பார்ப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதனால் வலி மறைந்துவிடுமா? ஆய்வு முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. வலிக்குப் பயந்து வேலையைக் குறைத்துக்கொண்டே போகிறவரும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதற்காக அளவு வைப்பவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். முதலாமவருக்கு இயலாமை கூடத்தான் செய்கிறது. இரண்டாமவருக்கும் வலி குறைவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலைதான் முதலில் கூடும் என்று எதிர்பார்ப்பது நல்லது. சிறு உழைப்புக்கே நாட்கணக்கில் முடங்கவைக்கும் நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்கள் இப்படிக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அவர்களுக்கு அத்தகைய பயிற்சித் திட்டம் தர வேண்டாம் என்றுதான் இருக்கிறது. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, காலில் பலமின்மை, சிறுநீர் மலம் கட்டுப்படாமை என்று ஏதாவது சேர்ந்தால் டைமரெல்லாம் அப்புறம், முதலில் மருத்துவர்.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நடுவில் வலி எகிறும் நாட்கள் வரும். அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடாமல் அளவைப் பாதியாக்குங்கள், 10 நிமிட நடை 5 நிமிடம் ஆகட்டும், சில நாளில் தணிந்ததும் பழைய அளவுக்குப் படிப்படியாக ஏறிக்கொள்ளலாம். இந்தப் பாதிக் கணக்கை வலி குறைவாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள், வலி எகிறிய நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட யாருக்கும் மனசு வராது.