பருமன் விலக்குப் பிரிகை

கரைசலில் உள்ள மூலக்கூறுகளை ஒரு குழாய் வழியே ஓடவிட்டுப் பருமன்படி பிரிக்கும் முறை இது. ஆங்கிலத்தில் ‘சைஸ் எக்ஸ்க்ளூஷன் குரோமட்டோகிராபி’. ஆய்வகத்தில் யாரும் இப்படி நீட்டி முழக்குவதில்லை, எஸ்இசி அல்லது ஜிபிசி என்பதோடு சரி.

மூன்றில் கடைசிச் சொல்தான் இந்தத் துறையில் மூத்தது. கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், கிராபெய்ன் என்றால் எழுதுதல். சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, அதன் நிறமிகள் பட்டை பட்டையாகப் பிரிவதைப் பார்த்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெட் 1906-இல் இந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். ரஷ்ய மொழியில் ‘த்ஸ்வெட்’ என்றாலே நிறம்தான், ஆள் குறும்புக்காரரோ என்னவோ! தமிழ்ப் பாடநூலில் வண்ணப்பிரிகை. சிலர் நிறப்பிரிகை என்கிறார்கள், அது வேண்டாம், முப்பட்டகத்தில் ஒளி பிரிவதற்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நிறமே இல்லாத பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) கரைசலுக்கு வெறும் ‘பிரிகை’ போதும் என்பது என் கட்சி.

அப்புறம் ‘சைஸ்’. ‘அளவு’ என்றால் எவ்வளவு இருக்கிறது என்றும் பொருள்படும், குழப்பம். பருமன்தான் சரி, ஏனென்றால் பிரிக்கும் குழாய்க்கு எடை தெரியாது. கரைசலில் சுருண்டு கிடக்கும் சங்கிலி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரே எடையுள்ள இரண்டில், கிளைவிட்ட சங்கிலி நேர்ச்சங்கிலியைவிடக் கச்சிதமாகச் சுருண்டுகொள்வதால் பின்னால் வரும். பாலிஸ்டைரீன் என்ற பாலிமரை வைத்து அளவுகோல் போட்டுவிட்டு வேறொரு பாலிமரின் மூலக்கூறு எடையை அதிலிருந்து படித்தால், கிடைப்பது பாலிஸ்டைரீன் கணக்கிலான எண்தான், உண்மை எடை அல்ல.

‘விலக்கு’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். குழாய்க்குள் இருக்கும் மணிகளில் நுண்துளைகள் உண்டு. பெரிய மூலக்கூறுக்கு அங்கே அனுமதி இல்லை, சந்துக்குள் நுழைய முடியாத லாரி மாதிரி மெயின் ரோட்டிலேயே போய் முதலில் வெளியே வந்துவிடும். சின்னது சைக்கிள்காரர் போல எல்லாச் சந்திலும் நுழைந்து தாமதமாக வரும். 1959-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் போராத், ஃப்ளோடின் என்ற ஆய்வாளர்கள் இதே உத்திக்கு ‘ஜெல் வடிகட்டல்’ என்று பெயர் வைத்தது எனக்கு உறுத்தல்தான், வடிகட்டியில் பெரியதல்லவா தங்கும்? 1964-இல் மூர் என்ற ஆய்வாளர் வைத்த ‘ஜெல் ஊடுருவல்’ (ஜிபிசி வந்தது இதிலிருந்துதான்) பரவாயில்லை, ஆனால் அது சின்ன மூலக்கூறின் கதையை மட்டும் சொல்கிறது.

பெயரை இப்படிப் புரிந்துகொண்டால் கலவையின் வரைபடத்தையும் (குழாயிலிருந்து எப்போது எவ்வளவு வெளிவருகிறது என்று உணர்கருவி வரையும் கோடு) ஏமாறாமல் படிக்கலாம். ஒரே ஒரு மேடு தெரிந்தால் உள்ளே ஒரே பாலிமர் என்று முடிவு கட்டக் கூடாது, பருமன் ஒத்துப்போனால் முற்றிலும் வேறான இரண்டும் ஒன்றாகவே வெளியேறும். இரண்டு மேடுகள் வந்தாலும் பரப்பை அப்படியே விகிதமாக எடுக்க முடியாது. கரைப்பானோடு ஒப்பிட்டு ஒளிவிலகல் வேறுபாட்டை அளக்கும் ஒளிவிலகல் உணர்கருவியில், டிஎச்எஃப் என்ற கரைப்பானில், சம எடை போட்டாலும் பாலிஸ்டைரீனின் மேடு பிஎம்எம்ஏ என்ற இன்னொரு பாலிமரின் மேட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். அதே கரைப்பானில் சிலிக்கோன் வகைப் பிடிஎம்எஸ் கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது, அதன் ஒளிவிலகல் எண்ணும் கரைப்பானின் எண்ணும் அவ்வளவு நெருக்கம். டொலுவீனுக்கு மாற்றிப் பாருங்கள், மேட்டுக்குப் பதில் பள்ளம் விழும்.